வாக்குத்தத்த வசனம் என்ன ஆயிற்று? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (வருடத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்டுக் கொடுக்கும் அட்டை) எரேமியா 29:11 இருந்தது. இந்த வருடம் வேலை கிடைத்துவிடும் என்று நம்பினேன். எழுதிய தேர்வுகள் எதிலும் தேறவில்லை. இப்போது வேதத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. என் விசுவாசத்தில் குறையா?
— ஒரு வாசகர், நாசரேத்

பதில்: இல்லை, தம்பி. வசனத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்து அட்டையில் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டோம். குறை அங்கேதான் இருக்கிறது. எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். மொத்தம் 49 வசனங்கள்தான்.

28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எருசலேம் ஆலயத்தில் நின்று, பாபிலோனின் நுகம் முறிந்தது, அங்கே கொண்டுபோகப்பட்டதெல்லாம் இரண்டு வருடத்தில் திரும்பி வரும் என்கிறான். ஜனங்கள் கேட்க விரும்பிய செய்தி அது. அதைப் பொய் என்றார் எரேமியா. அவர் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பிய கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். உங்கள் அட்டையில் இருந்த, "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று முடிகிற 11-ஆம் வசனம் அதன் நடுவில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருடம் என்று காலம் குறிக்கிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பலர் எருசலேமை மறுபடி கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். வாக்குத்தத்தம் அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது. ஆகவே உங்களுக்கு டிசம்பர் 31 கெடு வைத்தவர் ஆண்டவர் அல்ல. கெடு தாண்டியதால் அவர் உங்களைக் கைவிட்டார் என்றும் ஆகாது.

அதுவரை என்ன செய்வது என்பதும் அதே கடிதத்தில் இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், குடியிருக்கிற பட்டணத்துக்காக விண்ணப்பம் பண்ணுங்கள் (5–7). உங்கள் நிலைமையில் இதற்குப் பொருள், தேர்வு முடிவோடு சம்பந்தமில்லாத ஒரு வேலையை இந்த மாதமே தொடங்குவது. தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்கலாம். ஒரு கடையில் பகுதிநேரமாகக் கணக்கு எழுதலாம். சம்பளம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. முழுநாளும் முடிவுக்காகவே காத்துக்கிடப்பவருக்குச் சோர்வு இரட்டிப்பாகும். தோற்ற தேர்வின் மதிப்பெண் பட்டியலையும் எடுத்து, எந்தப் பகுதியில் எத்தனை மதிப்பெண் போயிற்று என்று குறித்துவையுங்கள். "நான் தோற்றவன்" என்ற எண்ணத்தை ஜெபத்தில் வைப்பது கடினம். "பொது அறிவில் 12 மதிப்பெண் போதவில்லை" என்பதை வைக்கலாம், திருத்தவும் செய்யலாம்.

கேள்வி: மாமியாரின் நீண்ட நோயைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்தால் பாரம் நீங்கும் என்கிறார்கள். இருக்கலாமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, உபவாசம் இருக்கச் சொல்லவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தரின் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரவில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாளாவது வேறொருவரை ஏற்பாடு செய்யும்படி வீட்டாரிடம் நேரடியாகக் கேளுங்கள். யாரும் இல்லையென்றால் போதகரிடம் சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கம் செய்ய வேண்டிய வேலை இது.

வார்த்தை வராதபோது சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனங்கள், பத்து நிமிடம் போதும், ஆனால் வாய்விட்டு வாசிக்க வேண்டும். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் நிறுத்தி, உங்கள் முறையீட்டை ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். எழுதினால் இன்னும் நல்லது. 3, 4 வசனங்களில் தாவீது "எனக்குச் செவிகொடுத்தருளும்" என்று கேட்கிறார். அங்கே இன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள்: இன்று இரவு நான்கு மணி நேரத் தூக்கம் என்பது போல. 5-ஆம் வசனத்தில்தான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்ற திருப்பம் வருகிறது. பெரும்பாலோர் முறையீட்டை அவிசுவாசம் என்று பயந்து, நேரே துதிக்குத் தாவிவிடுகிறார்கள். சொல்லப்படாத முறையீடு உள்ளேயே கிடந்து, துதிக்கிற வாயை வெறும் பழக்கமாக்கிவிடுகிறது. 5-ஆம் வசனத்தை உண்மையாகச் சொல்ல முடியாத நாளில் நாலாம் வசனத்தோடு நிறுத்துங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசி வரை இருளிலேயே நின்றுவிடுகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: என் மனைவி மனச்சோர்வுக்கு மூன்று மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். நல்ல முன்னேற்றம். இனி மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தில் நில்லுங்கள் என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள்.
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது மருத்துவ வழக்கம். இல்லாவிட்டால் சோர்வு திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். திடீரென்று நிறுத்தினால் சில நாட்களுக்குள் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கக் கெடுதல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். அதைப் பார்த்துவிட்டு அசுத்த ஆவி என்று ஜெபிக்கத் தொடங்கினால் வீடே குழம்பும். குறைப்பதானால் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். லித்தியம் என்ற மனநல மாத்திரை எடுப்பவர்கள் தண்ணீரில்லாத உபவாசம் இருக்கவே கூடாது. இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகிவிடலாம்.

பவுல் தன்னோடிருந்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்கிறார் (கொலோ. 4:14). ஜெபக்குழுவுக்கு இந்த வசனம் போதுமானது. உங்கள் மனைவி எப்போதாவது சாவைப் பற்றிப் பேசினால், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கேள்வி: சோர்ந்துபோனவர்களின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகும்போது என்ன பாட்டு, என்ன வசனம்?
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதல் முறை பாட்டு வேண்டாம். மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன் குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போல என்கிறது நீதிமொழிகள் 25:20. எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகே கெட்டது. இருவராகப் போங்கள், பத்துப் பேராக வேண்டாம். அரைமணி நேரம் போதும். சாப்பாடு கொண்டுபோங்கள், பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். ரேஷன் வாங்குவது, பிள்ளையைப் பள்ளிக்கு விடுவது என்று ஒரு வேலையை நீங்களே பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிழமையில் போங்கள்.