போயிட்டு வரேன், அம்மா

வணக்கம் சார்,

இரண்டு வருடமாகக் கொரிய மொழி படிக்கிறேன். வகுப்பில் ஓர் ஆங்கிலக் குறுங்கதையைக் கொரியத்தில் எழுதச் சொன்னார்கள். ராணுவ சேவைக்குப் போகும் மகன், முகாம் வாசலில் அம்மாவிடம் 'குட்பை, மதர்' என்கிறான். நான் 'அன்யோங்ஹி கசேயோ' என்று எழுதினேன். ஆசிரியை அதை அடித்துவிட்டு 'அன்யோங்ஹி கேசேயோ' என்று திருத்தினார். திருத்திய பிறகும் அந்த வரி ஏனோ ஒட்டவில்லை. நீங்கள் என்ன எழுதுவீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஒட்டவில்லை என்று தோன்றியதே, அந்தக் காதை விட்டுவிடாதீர்கள்.

'அன்யோங்' என்றால் நலம், அமைதி. 'கசேயோ' என்பது போங்கள். 'கேசேயோ' என்பது இருங்கள். அதாவது போகிறவரைப் பார்த்து 'நலமாகப் போங்கள்', இருக்கிறவரைப் பார்த்து 'நலமாக இருங்கள்'. மகன் உள்ளே போகிறான், அம்மா வாசலில் நிற்கிறாள். அதனால்தான் ஆசிரியை அப்படித் திருத்தியிருக்கிறார். ஆனால் அம்மாவும் அங்கேயே நிற்கப் போவதில்லையே, கொஞ்ச நேரத்தில் வீடு திரும்புவாள். அப்படிப் பார்த்தால் நீங்கள் எழுதியதும் முழுத் தவறில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'கேசேயோ' விருந்தாளி சொல்வது, கடையிலிருந்து கிளம்புகிறவர் சொல்வது. பெற்ற பிள்ளை அம்மாவிடம் அதைச் சொன்னால், இனி வரவே மாட்டான் போலிருக்கிறதே என்று வயிற்றைக் கலக்கும்.

கொரிய வீடுகளில் பள்ளிக்கோ வேலைக்கோ கிளம்பும் பிள்ளை சொல்வது 'தன்யோ ஓகெஸ்ஸும்னிதா'. பிரித்துப் பாருங்கள்: 'தன்யோ' போய், 'ஓ' வா, மீதி 'செய்கிறேன்' என்ற உறுதியும் மரியாதையும். போய் வருகிறேன்! நம் வீட்டில் 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் பாட்டி விடுவாளா? 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று நிறுத்திவைப்பாள். இந்த வாக்கியத்தை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போய் நீங்கள் தேடியது உங்கள் நாக்கிலேயே இருக்கிறது.

இப்போது தென்கொரியாவில் தரைப்படைச் சேவை 18 மாதம். நோன்சான் பயிற்சி முகாம் போன்ற இடங்களின் வாசலில் பிள்ளைகள் சொல்லிவிட்டுப் போவதும் இதையேதான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது சொன்ன அதே சொல் 18 மாதத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது. உங்கள் கதையின் கனம் முழுக்க அங்கே இருக்கிறது. அந்த இடத்தில் 'குட்பை'க்கு நேர்ச்சொல் தேடாதீர்கள்.

'மதர்' என்பதையும் யோசியுங்கள். 'ஓமொனி' மரியாதையான சொல், 'ஓம்மா' வீட்டுச் சொல். கதையில் அதுவரை அவன் எப்படிக் கூப்பிட்டானோ, அதையே வையுங்கள். முகாம் வாசலில் திடீரென்று 'ஓமொனி' என்று மாறினால் அதுவும் அழகுதான், அந்த நிமிடத்தில் பெரியவனாகிவிட்டான் என்று படிக்கிறவருக்குத் தெரியும். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன்.

அப்புறம், அவள் தனியாகத் திரும்ப வேண்டுமே. அதற்காக 'சோஷிமி துரொகசேயோ' என்று ஒரு வரி சேர்க்கலாம். 'பார்த்துப் போய்ச் சேருங்கள்' என்று அர்த்தம். நீங்கள் எழுதிய 'கசேயோ' இங்கே சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அம்மாவின் பதில் ஆங்கிலத்தில் எதுவாக இருந்தாலும் சரி, கொரியத்தில் 'ஜல் தன்யோவா' போதும். நல்லபடியா போயிட்டு வா.