கனடாவில் முதல் குளிர்காலம்: நவம்பரில் தோட்டத்தில் என்ன செய்ய வேண்டும்?

"ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கி இதுதான் முதல் குளிர்காலம். பின்வளவில் தக்காளி, ரோசா, தரையில் நட்ட ஒரு சின்ன அத்திமரம் இருக்கின்றன. ஸ்னோ கொட்ட முதல் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

செடிகளை விடுங்கள், முதலில் வெளியே இருக்கும் தண்ணீர்க் குழாயைப் பாருங்கள். செடி செத்தால் மே மாதம் இன்னொன்று வாங்கலாம். நான் முதல் வருடம் பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்குப் போகும் வால்வைச் சரியாக மூடினேன், ஆனால் வெளியே ஹோஸைக் கழற்ற மறந்துபோனேன். ஹோஸ் மாட்டியிருந்தால் குழாயில் நிற்கும் தண்ணீர் வடியாது. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும், செப்புக் குழாய் பிளந்துவிடும். குளிர்காலம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ஏப்ரலில் வால்வைத் திறந்து, ஆசையோடு வெளியே போய் நின்றால் குழாயில் நூல் மாதிரித்தான் தண்ணீர் வருகிறது. மிச்சம் எல்லாம் சுவருக்குள் ஓடி, பேஸ்மென்ட் கார்ப்பெட்டை நனைத்துக்கொண்டிருந்தது. ஆகவே ஹோஸைக் கழற்றுங்கள், உள்ளே வால்வை மூடுங்கள், வெளிக் குழாயைத் திறந்தபடியே விடுங்கள். மண்சட்டிகளையும் உள்ளே எடுங்கள், அவையும் இதே காரணத்தால்தான் வெடிக்கின்றன.

அடுத்தது மூடுகிற விஷயம். இதில்தான் அதிகம் பேர் அவசரப்படுகிறார்கள். ரொறன்ரோப் பக்கத்துக் குளிர்காலம் ஒரேயடியாக உறைந்து கிடப்பதில்லை. ஜனவரியில் இரண்டு நாள் மழை பெய்து சூடு 8 டிகிரிக்கு ஏறும், அடுத்த இரவே மைனஸ் 15க்கு விழும். மண் இப்படி உருகி உருகி உறையும்போது வீங்கி, வேரைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடும். இலையுதிர் காலத்தில் நட்ட செடி மார்ச்சில் பிடுங்கிய பல்லுப் போல மண்ணுக்கு மேலே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். உறைந்த மண் உறைந்தபடியே கிடக்கட்டும் என்றுதான் மூடுகிறோம், செடியைச் சூடாக்க அல்ல. அதனால் மேல்மண் இறுகும்வரை பொறுங்கள், பெரும்பாலும் நவம்பர் கடைசியாகிவிடும். இப்போதே வைக்கோலைப் பரப்பினால் எலிதான் குடிவரும். ரோசாவின் அடியில் எட்டுப் பத்து அங்குலத்துக்கு மண்ணைக் குவியுங்கள், ஒட்டுப் போட்ட முடிச்சு மறைய வேண்டும். அந்த மண்ணை வேறு இடத்தில் இருந்து எடுங்கள். அதன் காலடியையே சுரண்டினால் வேர் வெளியே வந்துவிடும். கத்தரிப்பதை ஏப்ரலுக்கு வையுங்கள்.

அத்திமரத்துக்கு எனக்கு வழி காட்டியவர் பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர். இந்த ஊர் இத்தாலியர்கள் அத்திமரத்தை உயிரோடு புதைப்பார்கள்! இலை கொட்டியதும் கொப்புகளைக் கயிற்றால் கட்டுவார். ஒரு பக்க வேரை மண்வெட்டியால் வெட்டி, மறுபக்கம் தோண்டிய குழிக்குள் மரத்தை மெல்லச் சாய்ப்பார். மேலே பலகை, காய்ந்த இலை, தார்ப்பாய், பிறகு மண். பார்த்தால் சவக்குழி போலவே இருக்கும். வசந்தத்தில் நிமிர்த்திவிடுவார். உங்கள் மரம் சின்னது என்றபடியால் கிண்டி ஒரு பெரிய வாளியில் வைத்து, ஹீட்டர் இல்லாத கராஜில் நிறுத்திவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர் போதும்.

தக்காளிச் செடிகளைப் பிடுங்கி எறியுங்கள், புள்ளி விழுந்த இலைகளை உரக்குழியில் போட வேண்டாம். மற்றபடி வளவைக் கூட்டித் துடைக்காதீர்கள். மேப்பிள் இலைகளின் மேல் புல்வெட்டியை ஒருமுறை ஓட்டினால் அதுவே பசளை. காய்ந்த பூந்தண்டுகளுக்குள் தேனீ வகைகள் சில குளிர்காலத்தைக் கழிக்கும், அவற்றையும் விட்டுவிடுங்கள். அயலவர் முகம் சுளித்தால் இதைச் சொல்லிச் சமாளிக்கலாம்.

தக்காளி நின்ற இடம் சும்மா கிடக்கிறதல்லவா, அதில் உள்ளி, அதாவது வெள்ளைப்பூண்டு நடுங்கள். மண் இறுக முதல் இன்னும் நேரம் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் உள்ளி வேண்டாம், நடுவில் கெட்டித் தண்டுள்ள உள்ளூர் இனமாகப் பார்த்து வாங்குங்கள். பல்லைத் தோல் உரிக்காமல், கூர் மேலே இருக்க, இரண்டு அங்குல ஆழத்தில், ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். குளிர் படாவிட்டால் அது பல் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடும், ஆகவே இங்கத்தைய குளிர் அதற்கு நல்லதுதான். ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டை வெட்டி வறை வறுக்கலாம், ஜூலையில் கிழங்கைக் கிண்டலாம்.

கறிவேப்பிலை பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தால் அது இதற்குள் வீட்டுக்குள் வந்திருக்க வேண்டும், இரவு 10 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கியதும் எடுத்துவிடுவது நல்லது. உள்ளே வந்ததும் இலை கொட்டும், பயப்பட வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள். என்னுடையது போன ஜனவரியில் மொட்டைக் குச்சியாக நின்றது. மனைவி குப்பையில் போடச் சொன்னார். நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை. ஏப்ரலில் துளிர்த்தது, மே மாதம் வரும் விக்டோரியா தின விடுமுறை கழிந்துதான் வெளியே வைத்தேன்.