வாசகர் கேட்கிறார்: துப்பறியும் கதையும் போரின் பழைய கணக்கும்

கேள்வி: போரில் நடந்த உண்மையான கொடுமைகளைத் துப்பறியும் நாவலுக்குக் கருவாக எடுப்பது, மாண்டவர்களை வைத்து விடுகதை போடுவதாகிவிடாதா?

பதில்: பல நாவல்களில் அப்படித்தான் ஆகிவிடுகிறது; ஒரு நாஜி அதிகாரியைக் கொண்டுவந்து நிறுத்தினால் வில்லனைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்று எண்ணுகிற எழுத்தாளர்களுக்குக் குறைவில்லை. ஆனால் பிரெஞ்சு எழுத்தாளர் திதியே தெனிங்க்ஸ் 1984-இல் வெளியிட்ட ‘நினைவுக்காகக் கொலைகள்’ என்ற பொருள்படும் நாவல் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

1961 அக்டோபர் 17 அன்று, தங்கள்மீது மட்டும் விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்துப் பாரிஸில் ஊர்வலம் போன அல்ஜீரியர்களைக் காவல்துறையினர் அடித்தும் சுட்டும் கொன்றனர். பலரை சேன் நதியில் வீசினர். அரசு அன்று ஒப்புக்கொண்டது மூன்று சாவுகளை மட்டுமே. வரலாற்றாசிரியர்கள் சிலரின் கணக்கோ 200 வரை போகிறது. அதே இரவில், கர்ப்பிணி மனைவிக்காகப் பூவும் கேக்கும் வாங்கிக்கொண்டு திரும்பும் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியர் தம் வீட்டு வாசலில் சுடப்படுவதாக நாவல் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, தகப்பன் முகத்தையே பாராத மகன் துலூஸ் நகரில் கொல்லப்படுகிறான். இருவரும் புரட்டியவை ஒரே ஆவணங்கள் என்பதை இன்ஸ்பெக்டர் கதேன் கண்டுபிடிக்கிறார். அந்தத் தடம் த்ரான்சி முகாமுக்கு, அதாவது நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் 60,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் மரண முகாம்களுக்கு ரயிலேற்றப்பட்ட இடத்துக்கு, அவரை இட்டுச் செல்கிறது. முடிச்சை நான் முழுவதும் அவிழ்க்கப் போவதில்லை. கொலைக்குக் காரணம் பகையோ காசோ அல்ல, ஓர் அதிகாரி ஆக்கிரமிப்புக் காலத்தில் இட்ட கையெழுத்து என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: அப்படியொரு அதிகாரி உண்மையில் இருந்தாரா?

பதில்: இருந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரான்சின் பொர்தோ வட்டாரத்து யூதர்களைக் கைதுசெய்து அனுப்பிய நிர்வாகத்தில் உயர்பதவி வகித்த மொரீஸ் பப்போன்தான் 1961-இல் பாரிஸ் காவல்துறைத் தலைவர். பிறகு அமைச்சராகவும் ஆனார். 1981-இல் ஒரு வார இதழ் அவரது பழைய கையெழுத்துகளை அச்சிட்டது. தெனிங்க்ஸ் ஊரையும் பெயரையும் மாற்றி, இரண்டு குற்றங்களையும் ஒரே கோப்பில் கட்டினார். ஆனால் 1998-இல் நீதிமன்றம் மனித குலத்துக்கு எதிரான குற்றத்துக்கு உடந்தை என்று பப்போனுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது யூதர்கள் விஷயத்தில் மட்டுமே. அக்டோபர் இரவுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் துப்பறிவாளருக்கு இருந்த உரிமை நீதிபதிக்கு இல்லாமல் போன இடம் இதுதான்.

நாவலின் கடைசிக் காட்சியில், பான் நூவெல் மெட்ரோ நிலையத்தில் தொழிலாளர்கள் சுவரொட்டிகளை அடுக்கடுக்காகச் சுரண்டி எடுக்கிறார்கள். அடியிலிருந்து ஆக்கிரமிப்புக் காலத்து அறிவிப்பொன்று பாதி அழிந்த எழுத்துகளோடு வெளிப்படுகிறது.