வாசகர் கேள்வி – பதில்: இந்தப் பணியை ஏன் விரும்புகிறேன்?

கேள்வி: என் தம்பி சிறுநீரக நோயால் நெடுநாள் அவதிப்பட்டு இறந்துபோனான். டயாலிசிஸ் நடக்கும்போதெல்லாம் அவனுடன் இருந்தவள் நான். இப்போது செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். ‘இந்தப் பணியை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். ‘பிறருக்கு உதவுவது என் சிறுவயது ஆசை’ என்று எழுதினால் எனக்கே ஒட்டவில்லை. தம்பியைப் பற்றி எழுதினால், அவன் சாவைக் காட்டி இரக்கம் தேடுவதுபோல் மனம் உறுத்துகிறது. நான் என்ன எழுதட்டும்?

பதில்: தம்பியைப் பற்றித் தயங்காமல் எழுதுங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான், பின்னாளில் விடாமுயற்சியுடன் போராடி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இழப்பிலிருந்து ஒருவர் பணிக்கு வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவன் எப்படி இறந்தான் என்பதைவிட, அவன் அருகில் உட்கார்ந்திருந்த அந்த மணிநேரங்களில் நீங்கள் எதைக் கவனித்தீர்கள் என்பதை எழுதுங்கள். விண்ணப்பத்தைப் படிப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

டயாலிசிஸ் ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். பெரும்பாலும் வாரம் மூன்று முறை நடக்கும். அவ்வளவு நேரம் ஒரே அறையில் இருந்தவருக்குச் செவிலியர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு தெரியாமல் போயிருக்காது. இரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கும்போது சில நோயாளிகளுக்கு முதலில் கொட்டாவி வரும். அதைக் கண்டவுடன், அபாய ஒலிக்காகக் காத்திராமல், எழுந்து வந்து அழுத்தத்தைப் பார்ப்பவர் ஒருவர். இயந்திரம் கூப்பிட்ட பிறகே நிமிர்ந்து பார்ப்பவர் இன்னொருவர். ஊசி குத்துவதற்கு முன் ‘இப்போது குத்தப் போகிறேன்’ என்று சொல்பவரும் உண்டு, சொல்லாமல் குத்துபவரும் உண்டு. உங்கள் தம்பி யாருடைய வருகையை எதிர்பார்த்தான்? யாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்? யார்மீது உங்களுக்குக் கோபம் வந்தது, எந்தச் செயலுக்காக வந்தது? இந்தக் கேள்விகளுக்கு உண்மையாக விடை எழுதிப் பாருங்கள். உங்கள் மதிப்பீடுகள் தாமாகவே வெளிப்படும். கருணை, அர்ப்பணிப்பு, தியாகம் என்னும் பெரிய சொற்களை யாரும் எழுதிவிடலாம். வலிக்கப் போகிறது என்பதை நோயாளியிடம் மறைக்கக் கூடாது என்று நீங்கள் நினைத்தால், அந்த எண்ணம் உங்கள் அனுபவத்தில் விளைந்தது, அதை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது விண்ணப்பத்துக்காக இல்லை, உங்களுக்காக. நாளை நீங்கள் கவனிக்கப்போகும் நோயாளி உங்கள் தம்பி அல்லர். அவருக்குப் பேச்சுத்துணை பிடிக்காமல் இருக்கலாம். நீங்கள் அன்று செய்ய முடியாமல் போனதையெல்லாம் அவருக்குச் செய்யத் துடித்தால், அது அவருக்குப் பாரமாகிவிடும். ஒரு மரணம் ஒருவரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டும், அவர் அந்த மரணத்திலேயே தங்கிவிடாமல் இருக்க முடியும் என்பதற்கு, இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

1918இல் பிறந்த சாண்டர்ஸ் முதலில் செவிலியர் பயிற்சி பெற்றார். முதுகுவலி அந்த வேலையைத் தொடர விடவில்லை. எனவே மருத்துவமனைச் சமூகப் பணியாளராக மாறினார். அப்போது வார்சாவிலிருந்து அகதியாக வந்து, உற்றார் யாருமின்றிப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்பவரைச் சந்தித்தார். சாகப்போகிறவர்கள் வலியில்லாமலும் தனிமையில்லாமலும் இருக்க ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். 1948இல் டாஸ்மா இறந்தபோது, அந்த இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருப்பதாகச் சொல்லி, 500 பவுண்டை சாண்டர்ஸுக்கு விட்டுச்சென்றார். அந்த இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் லண்டனில் திறக்கப்பட்டது 1967இல். இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளை அவர் துக்கத்தில் கழிக்கவில்லை. மருத்துவர்கள் காதில் ஏற வேண்டுமானால் தாமும் மருத்துவராக வேண்டும் என்று உணர்ந்து, முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவம் படித்து, 1957இல் தேர்ச்சி பெற்றார். வலி தாங்க முடியாமல் நோயாளி கெஞ்சும்வரை காத்திராமல், குறித்த நேரத்துக்கு ஒருமுறை மார்பின் கொடுத்தால் வலி தலைதூக்காது என்பதை நோயாளிகளின் அருகிருந்து கவனித்து, பதிவு செய்து காட்டினார். டாஸ்மாவின் மீது இருந்த அன்பு, டாஸ்மாவைக் கண்ணால்கூடக் கண்டிராத ஆயிரக்கணக்கானோருக்குப் பயன்படும் அறிவாக மாறியது. நீங்கள் எழுதப்போகும் பக்கத்திலும் தம்பிக்குப் பாதி இடம் போதும். மீதிப் பாதியில், அவனிடமிருந்து கற்றதை அறிமுகமே இல்லாத ஒருவருக்கு எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: கணக்குத் துறையில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சமூகப் பணிக்கு மாற விரும்புகிறேன். ஆனால் அங்கிருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு துயரக் கதை இருக்கிறது. எனக்கு அப்படி எதுவும் நேர்ந்ததில்லை. பிறர் துன்பத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா?

பதில்: உண்டு. துன்பப்பட்டவருக்கு மட்டுமே துன்பம் புரியும் என்பது பாதி உண்மைதான். பட்ட அனுபவம் கண்ணைத் திறப்பதும் உண்டு. ‘எனக்கு நேர்ந்ததுதான் எல்லாருக்கும்’ என்ற நினைப்பால் கண்ணை மறைப்பதும் உண்டு. செல்வக் குடும்பத்தில் பிறந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1854இல் கிரிமியப் போர்க்கால மருத்துவமனைக்குப் போனபோது அவரிடம் இருந்தவற்றுள் ஒன்று, நீங்கள் இன்று சாதாரணமாக எண்ணும் திறமைதான்: எண்களை ஒழுங்குபடுத்தும் பழக்கம். காயத்தால் இறந்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்த வீரர்களே மிக அதிகம் என்பதைப் பட்டியலிட்டு, 1858இல் வண்ண வரைபடமாக அச்சிட்டு, அரசின் முன் வைத்தார். அவர் கையிலிருந்த விளக்கை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்குக்கும் அதே அளவு மரியாதை தரப்பட வேண்டும் என்பது என் கருத்து.

வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். வார விடுமுறையில் ஏதேனும் ஓர் அமைப்பில் சேர்ந்து, யாரும் நன்றி சொல்ல வராத வேலையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்: படிவம் நிரப்புதல், கோப்பு அடுக்குதல், ஒரே விவரத்தை நான்கு அலுவலகங்களில் கேட்டு அலைதல். சமூகப் பணியின் பெரும்பகுதி இதுதான். சில மாதங்களுக்குப் பிறகும் அதில் மனம் லயித்தால் மாறிக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகன் பிறர் அழுதால் தானும் அழுதுவிடுவான். மனநல ஆலோசகராக வேண்டும் என்கிறான். இவ்வளவு இளகிய மனம் அந்த வேலையைத் தாங்குமா என்று ஒரு தாயாக அஞ்சுகிறேன்.

பதில்: உங்கள் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. ‘பர்ன் அவுட்’ என்று இன்று எல்லாரும் சொல்லும் சோர்வை 1974இல் ஒரு கட்டுரையில் விவரித்த உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர், நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டு செய்தவர். ஆர்வத்தோடு வந்தவர்களே அங்கு முதலில் கருகிப்போவதை, தம்மிடமும் உடன் பணியாற்றியவர்களிடமும் கண்டு எழுதினார். பின்னர் இதை விரிவாக ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், மனம் வற்றிப்போவதோடு, உதவி தேடி வந்தவரையே ஒரு பொருளைப்போல் நடத்தத் தொடங்குவதும் அதன் அறிகுறி என்றார். இளகிய மனம் கல்லாவது இப்படித்தான்.

ஆனால் அழுகையில் இரண்டு வகை உண்டு. உளவியலாளர் டேனியல் பேட்சன் 1981இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் மின்னதிர்ச்சி பெறுவதைப் பங்கேற்பாளர்கள் பார்த்தார்கள் (அது நடிப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது). அவளுக்குப் பதிலாகத் தாங்கள் அதிர்ச்சியை ஏற்கலாம்; சிலருக்கு எழுந்து போய்விடவும் அனுமதி இருந்தது. அவள் படும் பாட்டைக் கண்டு தாங்களே கலங்கிப்போனவர்கள், வழி கிடைத்ததும் பெரும்பாலும் வெளியேறினார்கள். அவள்மீது அக்கறை மேலோங்கியவர்களோ, போக வழி இருந்தும் பெரும்பாலும் அவள் இடத்தை ஏற்க முன்வந்தார்கள். முன்னது, பார்ப்பவர் தம் மனவேதனையைத் தணித்துக்கொள்ளத் தேடும் வழி. பின்னது, எதிரில் இருப்பவரை நோக்கியது. ஆகவே உங்கள் மகன் அழுகிறானா என்று பார்க்காதீர்கள். அழுதபின் என்ன செய்கிறான் என்று பாருங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘உனக்கு இப்போது என்ன வேண்டும்?’ என்று அவனால் கேட்க முடிகிறதா? மற்றவர் அழுது முடிக்கும்வரை குறுக்கிடாமல் உட்கார்ந்திருக்க முடிகிறதா? முடிகிறதென்றால் அஞ்ச வேண்டாம். முடியவில்லை என்றாலும் கதவை அடைத்துவிடாதீர்கள், இது பயிற்சியால் வரக்கூடியது. படிப்பில் சேர்க்கும்போது, பயிற்சி ஆலோசகர்கள் தாங்கள் சந்தித்தவர்களைப் பற்றி மூத்த ஆலோசகர் ஒருவரிடம் தவறாமல் கலந்து பேசும் ஏற்பாடு அங்கு இருக்கிறதா என்று நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் அவனைச் சேர்க்க வேண்டாம்.