வலி வருவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை: மகப்பேறு கேள்வி பதில்

(பதிலளிப்பவர் அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்.)

கேள்வி: எனக்கு இது எட்டாவது மாதம். எங்கள் மலைக்கிராமத்திலிருந்து தாலுகா மருத்துவமனைக்குப் போகவே வெகுநேரம் ஆகும். எதையெல்லாம் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்: துணிமணிகளைப் பிறகு எடுத்து வைக்கலாம். நள்ளிரவில் வலி கண்டால் புறப்படலாம் என்று முடிவு செய்பவர் யார், எந்த வண்டியில் செல்வது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதை முதலில் வீட்டாருடன் பேசி முடித்துவிடுங்கள். கணவர் வெளியூரில் இருந்தால், அவர் தொலைபேசியை எடுக்கும் வரை காத்திருக்கும் நிலை வரவே கூடாது. 108 வண்டி தார்ச்சாலை வரைதான் வருமென்றால், அதுவரை உங்களைக் கொண்டு சேர்ப்பவர் யார் என்பதும் முடிவாகியிருக்க வேண்டும். அறுவை சிகிச்சையும் ரத்தமும் இரவு பகலாகக் கிடைக்கும் சீமாங்க் மையம் எது என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வையுங்கள். மலைப்பகுதியின் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்க அறை உண்டு. அதையும் அவரிடமே விசாரியுங்கள். பிக்மி எண்ணும் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது தரும் எண்) ரத்தப் பிரிவும் குறித்த தாய் சேய் நல அட்டை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: கால் வீக்கமும் இரண்டு நாளாகத் தலைவலியும் இருக்கின்றன. கர்ப்பத்தில் இது சகஜம் என்கிறார் மாமியார்.

பதில்: கால் வீக்கம் பலருக்கும் வருவதுதான், அவர் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதனுடன் விடாத தலைவலியோ, பார்வை மங்கலோ, மேல்வயிற்று வலியோ சேர்ந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும். அது 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் பரிசோதிப்பார்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடலாம். அப்படி வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியை வைப்பதும் வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். வலிப்பு மீண்டும் வராமல் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி மருத்துவமனையில் கிடைக்கும்.

கேள்வி: பனிக்குடம் உடைந்து, வலி வராவிட்டால் காத்திருக்கலாமா?

பதில்: கூடாது. நீர் பச்சையாக இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஒரு நொடிகூடத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: மனைவிக்கு ஹீமோகுளோபின் 8 தான் இருக்கிறது. பிரசவத்தின்போது என்ன ஆபத்து?

பதில்: குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காமல் போகும். 11-க்கு மேல் உள்ள தாய் தாங்கிக்கொள்ளும் இழப்பை உங்கள் மனைவியின் உடல் தாங்காமல் போகலாம். பிள்ளை பிறந்த உடனே, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி போடுவதே அந்தப் போக்கைத் தடுக்கத்தான். மருத்துவரை இந்த வாரமே பார்த்து, இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்ற வேண்டுமா என்று கேளுங்கள். மாத்திரையாகச் சாப்பிடுவதானால், அதையொட்டித் தேநீரும் காபியும் குடிக்க வேண்டாம். ரத்தம் தரக்கூடிய உறவினர்களிடமும் இப்போதே சொல்லி வையுங்கள். வீடு திரும்பிய பிறகும், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுவதும் நனைந்தால் அது அவசரம்தான்.

கேள்வி: என் ரத்தம் ஓ நெகட்டிவ், கணவருக்குப் பாசிட்டிவ்.

பதில்: குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால், அதற்கு எதிரான பொருளை உங்கள் உடல் உருவாக்கலாம். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை 28-ஆவது வாரத்தில் போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தை பாசிட்டிவ் என்றால், பிறந்த 72 மணி நேரத்துக்குள் மீண்டும் போட வேண்டும். கருக்கலைந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாம் என்பதால், அப்போதும் மருத்துவரிடம் உங்கள் ரத்தப் பிரிவைச் சொல்லுங்கள்.