இறங்கும்போதுதான் வலி

அன்புள்ள சார்,

எனக்கு வயது 43. போன வாரம் சத்துவாச்சாரியில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே பயிற்சியாளர் 80 பஸ்கி போடவைத்தார். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் காலையில் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஏறுவது பரவாயில்லை, இறங்கினால்தான் உயிர் போகிறது. கழிவறையில் உட்கார்ந்தவன் பக்கெட்டைப் பிடித்துத்தான் எழுந்தேன். லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, எலுமிச்சை ஜூஸ் குடித்தால் கரையும் என்கிறார் பயிற்சியாளர். உண்மையா? ஜிம்மை நிறுத்திவிடலாமா?

பெயர் வேண்டாம்,
வேலூர்.

அன்புள்ள நண்பருக்கு,

பக்கெட் வரியில் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நானும் பட்டவன்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை ஞாயிறு, மச்சானோடு சோளிங்கர் பெரிய மலை ஏறினேன். 1305 படி. ஏறும்போது மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். இறங்கும்போது பாதியிலேயே தொடை தந்தியடிக்க ஆரம்பித்தது. மறுநாள் சுமார். அதற்கு மறுநாள் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் பத்து ரூபாய் நாணயம் ஒன்று கைதவறிக் கீழே விழுந்தது. குனிய முடியவில்லை, குந்தவும் முடியவில்லை. யாரும் பார்க்காதபடி அதைச் செருப்பால் மறைத்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "இன்னா சார், கால்ல அடியா?" என்று கேட்டு அவரே எடுத்துக் கொடுத்தார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். லாக்டிக் அமிலத்தின் மேல் பழி வேண்டாம். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம், அதற்குள் அது ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். மூன்றாம் நாள் வலிக்கு அது எப்படிப் பொறுப்பாகும்? எலுமிச்சை ஜூஸ் குடியுங்கள், வெயிலுக்கு நல்லது.

காரணம் வேறு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உங்களைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்க வேண்டும், அதாவது பிரேக் வேலை. ஏலகிரியிலிருந்து இறங்கும் பஸ்ஸில் ஒரு வாடை வருமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சோளிங்கரில் என் ஒவ்வொரு காலும் 650 தடவை பிரேக் போட்டிருக்கிறது. பஸ்கியில் நீங்கள் கீழே உட்காரும் பாதியும் இதுதான். பழக்கமில்லாத தசை இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்பட்டு, வீங்கி, நரம்பு கூசத் தொடங்க ஒரு நாள் வரை ஆகும். 24 மணி முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அமெரிக்காவில் தியோடர் ஹாஃப் என்பவர் 1902-லேயே, தாமதமாக வரும் இந்த வலிக்குத் தசைக்குள் ஏற்படும் கிழிசல்தான் காரணம் என்று சொல்லிவிட்டார். நம் ஜிம்களுக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரவில்லை.

அதே பிரேக் வேலைதான் மாடிப்படி இறங்கும்போதும் கழிவறையில் உட்காரும்போதும்; எழும்போது, புண்பட்ட அதே தசைதான் உங்களைத் தூக்க வேண்டும். அதனால்தான் அங்கெல்லாம் அப்படி வலிக்கிறது.

நிறுத்த வேண்டாம். வலி தணிந்தபின் 20 பஸ்கியில் தொடங்குங்கள். ஒருமுறை இப்படிப் பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலைக்கு இவ்வளவு அலறாது. அதுவரை படுத்தே கிடக்காமல் கோட்டை அகழியை ஒட்டி மெதுவாக நடந்துவாருங்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டால் சுகம்தான், ஆனால் ஓங்கி அமுக்கச் சொல்லாதீர்கள்.

ஒன்று மட்டும் விளையாட்டில்லை. சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனாலோ, தொடை கல்லாக வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தசை மிக மோசமாகச் சிதைந்தால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நம் ஊரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்?

அப்புறம், அந்த பக்கெட். காலியாக இருந்தால் சரிந்துவிடும். தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு பிடியுங்கள்.