பழைய ட்ரக்கில் வெகுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது: ரிலேயா, ஆயில் பிரஷர் சுவிட்சா?

முதல் சந்தேகம் ஃப்யூயல் பம்ப் ரிலே (பம்புக்குக் கரண்ட்டை இணைக்கும் மின் சுவிட்ச்) மேல்தான். 1990-ஐ ஒட்டிய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) டிபிஐ (த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன்) ட்ரக்குகளில் ஃப்யூயல் பம்புக்கு இரண்டு வழியாகக் கரண்ட் போகும்: ரிலே, அதற்கு இணையாக ஆயில் பிரஷர் சுவிட்ச். ரிலே செத்தால், ஆயில் பிரஷர் ஏறி சுவிட்ச் இணையும் வரை செல்ஃப் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் கடைசியில் ஸ்டார்ட் ஆகிறதே, அதனால் பம்ப் உயிரோடுதான் இருக்கிறது; பம்ப் டேங்குக்குள்தான் இருக்கிறது என்று அவசரப்பட்டு டேங்கை இறக்காதீர்கள்.

சாவியை ஆன் செய்து டேங்க் பக்கம் காது கொடுங்கள். சுமார் 2 நொடி பம்ப் ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லையா? ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் மல்டிமீட்டர் வையுங்கள். ஃப்யூஸ் வழி வரும் 12 வோல்ட், சாவி போட்டதும் ரிலேயின் காயிலுக்கு வரும் 2 நொடி சிக்னல், எர்த் மூன்றும் இருந்தால் ரிலேயை மாற்றுங்கள். இல்லையென்றால் ஃப்யூஸ், வயரிங் பக்கம் பாருங்கள்.

சாவியை எடுத்த பிறகும் பம்ப் ஓடுகிறதா? ஆயில் பிரஷர் சுவிட்ச் கனெக்டரைப் பிடுங்குங்கள். நின்றால் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டது. கனெக்டருக்குள் ஆயில் கசிந்திருந்தாலும் சுவிட்சை மாற்றிவிடுவது நல்லது.